வில்லும் விரதமும்

மான்கள் பெருகிவிட்டன என்று நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பார்க்கில் வருஷாவருஷம் வில் வேட்டைக்கு பெர்மிட் கொடுப்பார்கள்; ஏறி உட்கார ஆளுக்கு ஒரு மரம். அப்படி வாங்கியவர்களில் ஒரே தமிழர் அந்த அங்கிள். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. ஒல்லியான உடம்பு, காதை மூடிய குல்லா, இலை இலையாக அச்சடித்த ஜாக்கெட். பார்க்கிங் லாட்டில் நின்று பேசினாலும் கிசுகிசுத்துத்தான் பேசுவார்.

முட்டைகூடத் தொடாதவள் நான். ஆனால் செப்டம்பர் கடைசியில் என் அவரைக்கொடியை மான்கள் மொட்டையடித்த மறுநாள், நேரே அவரிடம் போய் நின்றேன்.

"எத்தனை அடிச்சீங்க அங்கிள்?"

"புரட்டாசி நடக்குதேம்மா. இந்த மாசம் கவிச்சியே கிடையாது."

"அப்புறம் எதுக்கு டெய்லி மரத்துல ஏறி உக்காந்துக்கறீங்க?"

"நான் உக்காரலேன்னா பார்க்காரன் அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவான். வர்றவனுக்கு ஏது புரட்டாசி?"

ஐப்பசியில் கேட்டால் சஷ்டி விரதம் என்றார். அதற்குள் என் கத்திரிச்செடியும் போய்விட்டது.

கார்த்திகை பிறந்ததும், இனி விடக்கூடாது என்று கிளம்பிப் போனேன். அங்கிள் காரிலிருந்து இறங்கினார். தெர்மல் பேண்ட்டுக்கு மேல் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, தோளில் வில். சண்டை போட வந்த என் வாய், தானாகவே "சாமி சரணம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டது.

அவர் பதறிப்போய் மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாம்மா," என்றார். "பயந்து ஓடிடப் போவுது."