சீட்டு இல்லாத பிடித்தம்

பத்து வருஷம் இன்னொரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஒரு காண்ட்ராக்டர் ஆனேன். ஆனேன் என்றால், பெயரைப் பதிவு செய்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டேன். ஸ்டாம்ப் வந்த அன்று வீட்டிலிருந்த பழைய பேப்பரில் எல்லாம் குத்திக் குத்திப் பார்த்தது பிள்ளைகள் இல்லை, நான்தான். முதல் வேலை சீவலப்பேரிப் பக்கம். ஆற்றிலிருந்து வயலுக்குப் போகிற வாய்க்காலில் இடிந்து கிடந்த கரைச்சுவரைக் கட்டித் தர வேண்டும். கோடையில் வாய்க்காலை அடைத்துப் போட்டிருப்பார்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களின் கூலியில் தினமும் கொஞ்சம் பிடித்து வைப்போம். வேலை முடிந்து பில் பணம் வந்ததும் மொத்தமாகக் கொடுப்போம். அப்படிப் பிடிக்காவிட்டால் பாதி வேலையில் ஓடிப்போவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நானும் பிடித்தேன். சித்தாள்களுக்கு நாற்பது ரூபாய் கூலி பேசி, முப்பத்திரண்டைக் கையில் கொடுத்து, எட்டை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு என் பையிலேயே இருக்கும், வேறு யாரும் பார்த்ததில்லை.

மொத்தம் பதினோரு பேர். அதில் சித்தாள்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வந்த முதல் நாளே மணலை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்து, "இதுல மண்ணு கிடக்கு. சலிச்சுக் கழுவாமப் போட்டா சுவரு நிக்காது" என்றார். கழுவினோம். கலவையில் எத்தனை சட்டி மணல், எத்தனை சட்டி சிமெண்ட் என்று நான் டிப்ளமோ படித்துவிட்டுச் சொன்னதை, அந்த அக்கா மண்வெட்டி இழுக்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட ஆள் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று மனதுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. முதலாளி என்றால் உர்ரென்று இருக்க வேண்டும் என்பது அப்போது என் எண்ணம்.

முதல் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு அவர் கேட்டார்: "அண்ணாச்சி, பிடிச்ச காசுக்கு ஒரு சீட்டு எழுதித் தாருங்களேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்க்கா, நான் தூக்கிட்டு ஓடிருவேன்னு பாக்கியளா?" என்று கத்தினேன்.

"இல்ல, கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை கேட்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தோம். சுவர் நல்லபடியாக எழுந்தது. தண்ணீரும் வந்தது. என்ஜினீயர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். ஜூலையில் பில் பாஸான செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை கொடுத்த சர்க்கார் ஆபீஸில் போய்க் கையில் வாங்கின செக்கைப் பார்த்ததும் எல்லாம் இறங்கிப்போனது. நான் போட்டு வைத்திருந்த கணக்கைவிட எவ்வளவோ குறைவு.

எனக்குத் தெரிந்த உலகத்தில் ஆபீஸில் பணம் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், யாரோ தன் பங்கை எடுத்துக்கொண்டார்கள் என்பது. கணக்குப் பிரிவு கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் நின்று, "இதுல உம்ம பங்கு எவ்வளவுவே? அதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்திரும்!" என்று சத்தம் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தவர், அதை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தார். என் வயதுதான் இருக்கும்.

"உக்காரும்வே. எழுதித்தான் கொடுத்திருக்கு. நீரு படிக்கல" என்றார்.

செக்கோடு வந்த தாள்களை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டுச் சொன்னார். "இது நாங்க கொடுத்த சிமெண்டுக்குக் கிரயம். இது டெபாசிட். இந்த மழைக்காலம் தாண்டிச் சுவரு நின்னா உம்ம கைக்கு வந்திரும். இது வருமான வரி, நூத்துக்கு ரெண்டு. உம்ம பேருலதான் கட்டியிருக்கு, அதுக்கு இந்தா சர்டிபிகேட். வருஷக் கடைசில வரி ஆபீஸ்ல கணக்கக் காட்டும். அவ்வளவு வருமானம் உமக்கு இல்லைன்னா திருப்பித் தந்திருவான்."

"நிசமாவா?"

"சீட்டு கையில இருக்குல்லா? அப்ப அது உம்ம காசு. யாரு என்ன செய்ய முடியும்?"

பத்து வருஷம் இதே தொழிலில் கிடந்தவனுக்கு அன்றுவரை இது தெரியாது. வரிச் சர்டிபிகேட்டைக் கிழித்துப் போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், வரி ஆபீஸ் வாசலை மிதித்தால் அப்புறம் விட மாட்டான் என்று பயம். நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன். அவர், "போம்வே, சோறு ஆறுது" என்று சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். ஏசினவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த அந்தப் பொறுமையை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

இத்தனையும் புரிந்ததே, உடனே திருந்தியிருக்க வேண்டுமே. இல்லை. அடுத்த வேலைக்கு டெண்டர் போட முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. வந்த பணத்தில் ஆட்களின் பிடித்தத்தைக் கொடுத்தால் அதற்குக் காணாது. மறுநாள் பேங்கில் பணத்தை எடுத்து, அதை உள்பையில் வைத்துக்கொண்டே, இப்போது காசு இல்லை என்று சொல்வதற்காக மொபெட்டில் சீவலப்பேரிக்குப் போனேன்.

அவர்கள் நடவில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் சேற்றோடு வரப்பில் ஏறி வந்தார்கள். அக்காவோடு அவர் மகளும் இருந்தாள், பத்தாவது முடித்தவள். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், நானூறுக்குக் கொஞ்சம் குறைவு என்று அக்காவே சொன்னார். பிடித்த காசைத்தான் நம்பியிருந்திருக்கிறார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சர்க்கார்ல எனக்கே பிடிச்சிட்டான்க்கா. மழைக்காலம் முடிஞ்சுதான் தருவான். அதுவரைக்கும் பொறுங்க" என்றேன்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கேட்டார்: "பிடிச்சதுக்கு உங்களுக்குச் சீட்டு கொடுத்தாகளா அண்ணாச்சி?"

"கொடுத்தாக."

"பாக்கலாமா?"

பையிலிருந்து டெபாசிட் பிடித்த தாளை எடுத்து நீட்டினேன். அக்கா வாய்க்காலில் கையைக் கழுவி, சேலையில் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். மகளிடம் கொடுத்தார். அவள் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி என் பெயர், பிடித்த தொகை, தேதி, பெரிய கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு தாளை மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பித் தந்தார்.

"இதே மாதிரி எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு எழுதித் தாங்க. காசு நீங்க சொன்ன அன்னைக்கு வாங்கிக்கிடுதோம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். மொபெட் சீட்டில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தேன். அக்கா பேருக்கு முந்நூற்று எண்பத்து நாலு என்று எழுதப் போனேன். "நானூத்தி எட்டு" என்றார். "மூணு ஞாயித்துக்கிழமை வந்தோம்லா. அன்னைக்கும் எட்டு எட்டுதான் பிடிச்சீக." நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளை நான் எழுதவே இல்லை. எட்டு வாரக் கணக்கு, பதினோரு பேருக்கும், அவர் மனதில் ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட, மலைப்பாக இருந்தது.

பதினோரு சீட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசிச் சீட்டில் போட்டபோது உள்பை கனத்தது. சர்க்காரைத் திருடன் என்று ஆபீஸில் சத்தம் போட்டவன், அந்த வரப்பில் நின்றுகொண்டு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கிவிட்டது. பணத்தை வெளியே எடுத்தேன். காசு இல்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்னவன் எடுக்கிறானே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எண்ணிக் கொடுத்தேன். டெண்டர் போனது. போகட்டும் என்று அப்போது தோன்றவில்லை, வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா நானூற்று எட்டை வாங்கி மகள் கையில் கொடுத்தார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்று ஓடி வந்தார். கையில் நான் எழுதின பதினோரு சீட்டும் இருந்தன. எல்லாரிடமிருந்தும் வாங்கி வந்திருந்தார்.

"இதுல எல்லாம் காசு கொடுத்தாச்சுன்னு எழுதி, நீங்களே வச்சுக்கிடுங்க. உங்க கையெழுத்து வெளிய கிடந்தா நாளைக்கு உங்களுக்குத்தான வம்பு?"

எட்டு வாரம் அவர் காசை ஒரு துண்டுத் தாள்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தவன் நான். என் கையெழுத்தை ஒரு நிமிஷம்கூட அநாவசியமாக வெளியே கிடக்க விட அவருக்கு மனசு வரவில்லை.