மூன்று பிளம்பர்கள், ஒரு முகவரி

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மின்னஞ்சல் என்பது ஒரு குரல். ஜெராக்ஸ் கடை அக்கா வாசலுக்கு வந்து, "அண்ணாத்த, உனுக்கு மெயில் வந்துகீது" என்று ஒரு தரம் சொன்னால் போதும். எதிரே வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருப்பவர் அதை வாங்கி டீக்கடைக்கு அனுப்புவார். டீக்கடை அதைப் பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பும். ஓடிபியும் இப்படித்தான் போகும். எல்லா இலக்கமும் வழியில் சிந்தாமல் சேர்ந்துவிடும், மீன்வாடை மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

யாரும் திட்டமிட்ட ஏற்பாடல்ல இது. கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் ஏதோ ஒரு விண்ணப்பம் போட அக்காவிடம் வருவார்கள். மெயில் ஐடி என்ன என்று கம்ப்யூட்டர் கேட்கும். வந்தவர் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். அக்கா பெருமூச்சுவிட்டுத் தன் கடை முகவரியைத் தட்டிவிடுவார். இப்படியே தெரு முழுக்க ஒரே முகவரிக்குள் குடியேறிவிட்டது. அக்காவுக்கு ஒரு தர்மம் உண்டு: யாருக்கு என்ன வந்தது என்பதை உலகத்துக்கே சொல்வார், யார் என்ன ரேட்டு போட்டார் என்பதை மட்டும் சாகும்வரை சொல்லமாட்டார்.

என் பள்ளித் தோழன் அங்கே பிளம்பர். கூடுவாஞ்சேரியில் என் மேசைமேல் கவிதை வரி எதுவும் வந்து உட்காராத நாட்களில், செங்கல்பட்டில் பேருந்து மாறி அவனிடம் போய்விடுவேன். அவன் ஏதாவது மொட்டைமாடித் தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கியிருப்பான். நான் வெளியே நின்று கடலைப் பார்ப்பேன். இருவருக்கும் தண்ணீர்தான் தொழில் என்பேன். "நீ பாத்துகினு கீற, நான் நனைஞ்சுகினு கீறேன்" என்பான் உள்ளிருந்து.

அப்போது அவனுக்கு ஒரு கவலை இருந்தது. மாமல்லபுரம் சாலையில் ஒரு கடலோர விடுதி, வருஷம் முழுக்கக் குழாய் வேலை பார்க்க ஓர் ஆளைத் தேடியது. அவனிடம் இருந்த இரண்டு வேலையாட்களில் ஒருவன், இங்கே நிரந்தர வேலை இல்லையென்று ஊரப்பாக்கத்து அடுக்ககங்களுக்குப் போய்விட்டான். அடுத்தவனும் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். விடுதி வேலை கிடைத்தால் அவன் இருப்பான். கிடைக்காவிட்டால் ஐம்பதை நெருங்கும் என் தோழன் தனியாளாகத் தோளில் குழாயைச் சுமந்து மாடியேறவேண்டும்.

அக்காவிடம் சொல்லி விலைப்புள்ளி அனுப்பினான். பதிலுக்கு மேலாளரிடமிருந்து போன் வந்தது. உங்கள் விளையாட்டெல்லாம் எங்களிடம் வேண்டாம் என்று.

விஷயம் இதுதான். அதே தெருவில் இன்னும் இரண்டு பிளம்பர்கள்: வயதில் மூத்த ஒரு பாய், சிரித்துக்கொண்டே இருக்கும் ஓர் இளைஞன். மூவரும் தனித்தனியாக, பரம ரகசியமாக, அதே அக்காவிடம் போயிருக்கிறார்கள். ஒரே முகவரியிலிருந்து மூன்று கடிதம், ஒரே எழுத்துரு, முடிவில் ஒரே 'தங்கள் மேலான ஆதரவை நாடும்'. ஓர் ஆளே, தன் விலை மலிவாகத் தெரிய, மச்சான் பெயரிலும் தம்பி பெயரிலும் விலை கூட்டிப் போட்டு அனுப்புகிற பழைய வித்தை இது என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார்.

"நீ எழுதுறவன், வந்து பேசு" என்று தோழன் என்னை இழுத்துக்கொண்டு போனான். மற்ற இருவரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்திருந்தார்கள். மேலாளருக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கடல். நான் உழைப்பின் கண்ணியத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அலை ஒன்று எழுந்து, விழுந்து, திரும்பிப் போனது. என் வாக்கியம் முடியவில்லை.

பாய் என்னை ஒதுக்கினார். "இவனும் நானும் ஒரே ஆளா சார்? இவன் போட்ட குழா எங்கயாச்சும் ஒழுவாம கீதான்னு கேளுங்க."

"பாய் போட்ட வால்வ தொறக்கவே தனியா ஒரு ஆளு வோணும் சார்" என்றான் என் தோழன்.

இளைஞன் சிரித்தான். "ரெண்டு பேரு வேலையையும் அப்பால நான்தான் சார் சரி பண்ணிகினு கீறேன்."

அதன்பிறகு அறை அவர்களுடையதாகிவிட்டது. கல்பாக்கம் குடியிருப்பில் எந்த வீட்டுத் தொட்டி யாரால் வழிந்தது என்பதுவரை வந்தபோது மேலாளர் கையை உயர்த்தினார். மூன்று பேர்தான் என்று நம்புவதாகச் சொன்னார். பிறகு சற்றுத் தணிந்து, "எனக்கு உங்க முகம் தெரியும். சென்னையில கையெழுத்துப் போடுறவங்களுக்குத் தெரியாதே. அவங்களுக்கு நீங்கன்னா அந்த முகவரிதான். உங்க தொழில் பேர்ல ஒண்ணு வாங்கி, நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள மறுபடி அனுப்புங்க" என்றார்.

மூவரும் நேராக அக்காவிடம் வந்து நின்றார்கள். வேறு எங்கே போவார்கள்?

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "இத்தினி நாளா என் அட்ரஸு இனிச்சுது" என்றார். அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப்போட்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

நான் 'நீர்த்தடம்' என்றேன். "குழா ஒடஞ்சு வூடு மெதக்குறவன் அத்தயா தேடுவான்?" என்றான் தோழன். அவன் ஊர்ப் பெயரோடு பிளம்பிங் என்று சேர்க்கச் சொன்னான். பாய் மேசையைத் தட்டினார். ஊரை நீ எடுத்துக்கொண்டால் நாங்கள் என்ன பக்கத்து ஊரா என்று. கடைசியில் அவரவர் பெயரும் பிளம்பிங்கும் என்று உடன்பாடாயிற்று. முகவரியின் முன்னால் 'ஆபீஸ்' என்று போடலாமா என்று அக்கா கேட்டார். தோழன் வெளியே நின்ற பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியை எட்டிப்பார்த்தான். ஸ்பானரும் டெஃப்லான் டேப்பும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் கொண்ட அவன் அலுவலகம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. போடு என்றான்.

நான் சிரித்திருக்கக் கூடாது. இளமையில் நிலவில் நனைந்தவன் என்ற பொருளில் நான் வாங்கிய முகவரியை இன்றைக்கும் வங்கிக் கவுண்டரில் ஒரு பெண் உரக்கப் படித்துச் சரிபார்க்கிறாள். வரிசை திரும்பி என் வழுக்கையைப் பார்க்கிறது.

மூன்று கடிதங்களும் மூன்று முகவரிகளிலிருந்து போயின. அதன்பின் தோழன் கடையைத் தாண்டும்போதெல்லாம் மெயில் வந்ததா என்று கேட்டான். உன் மெயில் பெட்டி உன் போனிலேயே இருக்கிறது என்று அக்கா ஒவ்வொரு முறையும் விரட்டினார். அடுத்த முறை நான் போனபோது டீக்கடையில் மூவருமே இருந்தார்கள். தோழனின் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். விடுதியின் பெயர். திறக்கவில்லை. தெருவைக் குறுக்கே கடந்து போனை அக்காவிடம் நீட்டினான்.

"நீயே படி."

"உன் மெயிலு அண்ணாத்த இது."

"நீ படிச்சாத்தான் எனுக்கு மெயிலு."

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதலில் தனக்குள் படித்தார். பிறகு வாசலுக்கு வந்து, பழைய குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தார். வேலை அவனுக்கு. அடுத்த மாதத்திலிருந்து. மீன் வெட்டுகிறவர் அதை வாங்கி அனுப்பினார். தோழன் போனைத் திரும்ப வாங்கிய கையோடு வேலையாளைக் கூப்பிட்டான். பையைப் பிரி என்றான்.

பாய் மிச்ச டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கடல் பக்கம் கீற ரூமுங்கோ லைன் எல்லாம் நான் போட்டது. அத்த தொடுறதுக்கு முன்னாடி எனுக்கு ஒரு மெயில் போடு."