பல்லுக்கென்று சொல்லிப் போன புதன்கிழமைகள்

என் தங்கைக்கு இருப்பது ஆளுமைக் கோளாறு என்று கடலூர் டாக்டர் சொன்னபோது, குணம்கூட நோயாகுமா என்றுதான் யோசித்தேன். கேட்கக் கூச்சம். காலையில் கட்டிப்பிடித்துவிட்டு, மாலையில் "நீ எனக்கு அக்காவே இல்ல" என்று கதவை அறைபவளை எங்கள் பிளாக்கில் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஒருமுறை கையைக் கீறிக்கொண்டாள். தையல் போட்ட நர்ஸும் "எல்லாம் நடிப்பு" என்றார். அதன்பின் எந்த டாக்டரிடமும் இரண்டாம் முறை வர மாட்டாள். இவரிடம் மட்டும்தான் வாராவாரம் வந்துகொண்டிருந்தாள். இதுவும் நின்றுவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

எங்கள் கம்பெனி நகரியத்து ஆஸ்பத்திரியில் காட்டினால் வரிசையில் பாதிப் பேர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அதனால்தான் கடலூர். கேட்டவர்களிடம் "பல்லுக்கு" என்று சொல்லிவைத்தேன்.

அதுவே வினையானது. ஒரு புதன்கிழமை, பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா வீங்கிய கன்னத்தோடு எங்கள் பஸ்ஸில் ஏறினார்.

"உங்க டாக்டர்கிட்டயே நானும் காட்டிக்கிறேன். இத்தினி வாரமா பாத்துக்கினு இருக்காரே!"

வழியில் குறிஞ்சிப்பாடி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். இறங்கித் திரும்பிவிடலாமா? திரும்பினால் தங்கை மறுபடி வருவாளா?

அவளே அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "பல்லுக்கு இல்லக்கா. மனசு டாக்டர்கிட்ட போறேன்."

"ஐய, உனக்கென்ன? உனக்குத் திமிருதானே!"

"அதுக்குத்தான் போறேன்."

"திமிருக்கு மாத்திரை குடுக்குறாங்களா?"

"மாத்திரை கொஞ்சந்தான். பேசணும்."

"பேசறதுக்கா பஸ் ஏறிப் போய்க்கினு இருக்க? எங்கிட்ட பேசலாம்ல?"

"உங்ககிட்ட பேசினா ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க வரைக்கும் தெரிஞ்சிடுமே."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அந்த அம்மா சிரித்தார். கடலூரில் ஒரு பல் டாக்டரின் போர்டைத் தேடி அவரை விட்டுவிட்டுப் போனோம். எங்கள் டாக்டரின் அறைக்குள் தங்கை தானாகவே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். பல்லைப் பிடுங்கியாயிற்று, பேசக் கூடாதாம். பக்கத்து இருக்கையைத் தட்டித் தங்கையைக் கூப்பிட்டார். வழியெல்லாம் அவள் பேச, அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை அவள் கைத்தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அந்த அறைக்குள் என்னதான் பேசுவார்கள் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. பின் இருக்கையிலிருந்து காதைத் தீட்டினேன். பஸ் இரைச்சலில் ஒன்றும் விழவில்லை.

இறங்கும்போது அந்த அம்மா தங்கையைப் பார்த்துக் கையை விரித்தார், இனி எப்போது பேசுவது என்பதுபோல.

"அடுத்த புதனும் இருக்குக்கா," என்றாள்.