கழுத்து ஊசியும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மலையும்

1. ஆளைக் காணவில்லை

கழுத்தில் ஊசி போட்டுக் கட்டிலில் உட்கார வைத்த நோயாளியைக் காணவில்லை. வார்ட்டில் இல்லை, கழிவறையில் இல்லை, மருந்து கொடுக்கும் ஜன்னலடியிலும் இல்லை. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியே தரையை விட்டுக் கிளம்பி எங்கேயோ மிதந்து போவது போலிருந்தது.

"ஊசி கொஞ்ச நேரந்தான் வேலை செய்யும். அதுக்குள்ள ஆளைப் புடிச்சிட்டு வாங்க மிஸ்," என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அவர் சிங்களவர். கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வந்து போவார். தமிழ் நன்றாகப் பேசுவார்.

நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது.

2. நல்லாருக்குங்க

காணாமல் போனவர் புஷ்பராணி. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். வலது கை விரல்கள் மரத்துப்போய், சுண்டுவிரல் பக்கம் எரிச்சல், கைப் பெருவிரல் அடியில் சதை வற்றல். கையை உயர்த்தினால் தோளில் இருந்து வலி இறங்கும். கொழுந்தைக் கிள்ளிவிட்டோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இதற்கு நியூரோஜெனிக் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் ஒரு இடுக்கு வழியாகப் போகின்றன. மேலே காறை எலும்பு, கீழே முதல் விலா எலும்பு, பக்கத்தில் கழுத்தின் ஸ்கேலீன் தசைகள். அந்த இடுக்கு நெருங்கினால் நரம்பு நசுங்கும். நாள் முழுக்கக் கையை நீட்டி வேலை செய்துவிட்டு, நனைந்த கொழுந்து மூட்டையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்ணின் கழுத்து வேறு என்ன ஆகும்? பல மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். போதவில்லை.

அடுத்தது ஆபரேஷன். அதற்கு முன் ஸ்கேலீன் தசைக்குள் மரக்கச் செய்யும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். தசை தளர்ந்து வலி விட்டால், ஆபரேஷனுக்கும் கேட்கும் என்று நம்பலாம். விடாவிட்டால் கத்தி எடுப்பதற்கு யோசிக்க வேண்டும். ஆக, எல்லாமே நோயாளி சொல்லும் பதிலில் இருந்தது.

ஊசிக்கு முன் டொக்டர் கேட்டார், "எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க ஐயா."

ஊசி போட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்.

"நல்லாருக்குங்க ஐயா."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "முன்னுக்கும் நல்லாருக்கு, பின்னுக்கும் நல்லாருக்கு. அப்ப நான் எதுக்கு மிஸ் இவ்வளவு தூரம் பஸ்ஸுல வாறேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தோட்டத்து மேனேஜர் துரை கேட்டாலும், வேலை மேய்க்கும் கங்காணி கேட்டாலும், டொக்டர் கேட்டாலும் எங்கள் ஆட்களிடம் இந்த ஒரே பதில்தான். வலிக்கிறது என்று சொன்னால் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். புஷ்பராணி வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்திருப்பவர் அவர் மட்டும்தான். அந்தப் பேர் போனால் லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறை வீடும் கையை விட்டுப் போகும். அவருடைய கையில் இருந்தது வேலை மட்டுமல்ல, இரண்டு பிள்ளைகள் தூங்கும் கூரையும்.

டொக்டர் கடைசியாக, "எப்பவும் வலிக்கிற வேலை எதுவோ, அதைச் செஞ்சு பாருங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கையைத் தூக்கி மடக்கிப் பார்க்கத்தான் அவர் சொன்னது. புஷ்பராணி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

3. மலை

பின்வாசலைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை மலை. அவருக்கு எப்பவும் வலிக்கிற வேலை கொழுந்து பறிப்பதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. பனிக்குள் இறங்கினேன். செடிகள் ஓரடி தூரத்தில் தோன்றி மறைந்தன. முதலில் சத்தம்தான் வந்தது.

"ஏய், யாரு அது பச்சை கவுனு? யாரு பெரட்டுல நீ?" கங்காணியின் குரல், எந்த வேலைக் கூட்டத்து ஆள் என்று கேட்டது.

"ஆஸ்பத்திரி துரைசானிங்க கங்காணி! மருந்துத் தண்ணியில கொழுந்து அவிக்கப் போறாங்களாம்!" என்றாள் ஒருத்தி. கொழுந்து பறிக்கும் நிரை முழுக்கச் சிரிப்பு.

பனி கொஞ்சம் விலகியது. ஆஸ்பத்திரி உடுப்போடு, வெறுங்காலோடு, புஷ்பராணி செடிகளுக்கு நடுவே நின்றார். இரண்டு கையும் ஓடின. கண் கையைப் பார்க்கவில்லை. தூரத்தில், பனிக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கத்தில் நடப்பவரைப் போலப் பறித்துப் பறித்துப் பக்கத்துப் பெண்ணின் சாக்கில் போட்டார்.

அதட்டத்தான் போனேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மிஸ், தெரியுது மிஸ்," என்றார். "காம்பு நொறுங்குறது விரலுக்குத் தெரியுது."

"கங்காணி, கொஞ்சம் வாய மூடுங்க. இது டெஸ்ட்," என்றேன்.

"எங்க மலையிலயா டெஸ்டு? கொழுந்து எங்க கணக்குல போகுதுல்ல, பறிக்கட்டும்," என்றார் அவர்.

நானும் நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பனியில் அந்த விரல்களின் சத்தம் மட்டும் மழை தூறுவது போலக் கேட்டது. பிறகு அது மெதுவாகியது. வலது கை பின்தங்கியது. கடைசியில் ஒரு கொழுந்து கிள்ளப்படாமல் விரலிடுக்கில் வழுக்கியது.

"போச்சு மிஸ்."

டொக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "எப்படி இருக்கு?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டார். புஷ்பராணி வலது கை விரல்களைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க ஐயா. இவ்வளவு நேரம் வலிக்கல. இப்ப வலிக்குது." அழுதார். ஊசி வேலை செய்தது என்று தெரிந்துவிட்டதால் டொக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

4. எந்த வழி

வழிகளை டொக்டர் விளக்கினார். ஸ்கேலீன் தசையை மட்டும் வெட்டுவது ஒன்று. வேலை சிறிது, ஆனால் சிலருக்கு வலி திரும்பும். அக்குள் வழியாக முதல் விலா எலும்பை எடுப்பது இன்னொன்று. தழும்பு வெளியே தெரியாது, ஆனால் மேலே இருக்கும் நரம்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது. காறை எலும்புக்கு மேலே திறந்தால் தசை, விலா எலும்பு இரண்டையும் எடுத்து, நரம்பைச் சுற்றி ஒட்டியிருப்பதையும் சுத்தம் செய்யலாம். மூச்சுக்குப் போகும் நரம்பும் அங்கேயே ஓடுவதால் கவனம் வேண்டும். சிலருக்கு நெஞ்சுக்கு முன்னால் உள்ள சின்னத் தசையில் நரம்பு மாட்டியிருக்கும். அவர்களுக்கு அதை விடுவித்தாலே போதும். இவருக்குச் சிக்கல் அங்கே இல்லை.

"மேலால திறப்போம். வலி குறையும்னு நம்புறேன். பெருவிரல் அடியில வத்திப் போன சதை திரும்பி வராது. தலையில பாரம் வைக்கக் கூடாது," என்றார்.

"பறிக்கலாமாங்க?"

"பறிக்கலாம். சுமக்க ஏலாது."

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அதன் பின் அவருடைய தோட்டத்து துரையைப் பார்க்க நானே போனேன்.

"சுமக்க ஏலாத ஆளை வச்சு என்ன மிஸ் செய்றது?" என்றார்.

"விலா எலும்பைக் குடுத்துட்டு வந்திருக்கா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன். வேறு சிலதும் சொன்னேன், அதை அச்சில் போட முடியாது. கொழுந்தை நிறுக்கும் இடத்துக்குச் சுமந்து போவதை அவருடைய நிரைப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேர் வெட்டப்படவில்லை.

பிள்ளைகளே, "எப்படி இருக்கு" என்று கேட்டு அந்தப் பதிலை நம்பாதீர்கள். அவர்கள் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பனியாக இருந்தாலும் நில்லுங்கள்.

நான் ஓய்வு பெறுகிற வாரத்தில் புஷ்பராணி கிளினிக்குக்கு வந்தார். பழக்க தோஷம், நானே கேட்டுவிட்டேன், எப்படி இருக்கு என்று.

"நல்லாரு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். தோளைச் சுழற்றிப் பார்த்தார்.

"மழை நாள்ல சுள்ளுன்னு இழுக்குது மிஸ். எழுதிக்குங்க."