கடைசிப் பாகத்தில் கிழிந்த தாள்

அந்த விண்வெளி நாவலின் ஐந்தாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், என் கைக்குக் கடைசியாகத்தான் வந்தது. முந்தைய நான்கும் முதலில் என்னிடம் வந்தவை.

நாங்கள் நான்கு பேர். கல்லூரியில் என்னோடு படித்த தோழி, போடி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். புத்தகம் வாங்குவது அவள். கம்பத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அக்கா ஒருவர். அல்லிநகரத்தில் நான். நாலாம் பாகத்தின்போது வந்து சேர்ந்தவள் பொட்டிப்புரத்துப் பெண். இயற்பியல் படித்துவிட்டுத் தேனியில் ட்யூஷன் எடுக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான்கு பேருக்கும் ஒரே பிரதி. படித்து முடித்தவர் புத்தகத்தின் பின்னால் இருக்கும் வெற்றுத்தாளில் பென்சிலால் தன் கருத்தை எழுத வேண்டும். தான் முடிக்கும்வரை மற்றவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி சர்ச்சுக்குப் போய் வந்ததும், அவள் வீட்டு மாடியில் கூடிக் குறிப்புகளைச் சத்தமாக வாசிப்போம்.

நான்கு பாகங்களிலும் முதல் குறிப்பு என்னுடையது. "இவ எழுதிட்டா தீர்ப்பு மாதிரில்ல" என்று அக்கா சொல்வார். அதைக் கேட்பதற்காகவே நான் வேகமாகப் படித்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இந்த முறை தோழி போனில் சொன்னாள். "நீ கைப்புள்ளக்காரி. நிதானமா கடைசியில வாங்கிக்கடி. பொட்டிப்புரத்துக்காரி ரெண்டே நாள்ல முடிச்சிருவா, அவளுக்கு மொதல்ல குடுக்குறேன்."

சரி என்றேன். எனக்கு எதற்கும் சரி என்றுதான் முதலில் வரும். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆறாம் பாகம் கிடையாது. முதலாவதாக எழுத எனக்கு இனி ஒரு வாய்ப்பும் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். மாமியார் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்பது மாத மகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தேன். ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

தோழி எழுதியிருந்தாள்: "பாவி! அஞ்சு பாகமும் மகளைக் கண்ணாடிப் பெட்டியில் தூங்கவைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். கடைசியில் எழுப்பாமலே தனியாக அனுப்பிவிட்டாளே. இவள் கப்பல் தலைவியா, கல்நெஞ்சக்காரியா?" அக்கா பரீட்சைத் தாள் திருத்துவதுபோல எழுதியிருந்தார்: "கிரகங்கள் அழிவது நம்பும்படி உள்ளது. சண்டை நீளம். முடிவு தெளிவில்லை. பத்துக்கு ஆறு."

இவற்றுக்கு முந்தைய தாள் முழுவதும் பொட்டிப்புரத்துப் பெண்ணின் எழுத்து.

"அவள் மகளை எழுப்பாதது அன்பினால் இல்லை. எழுந்தால் மகள் கேட்பாள்: என்னைக் காப்பாற்ற எத்தனை ஊரை எரித்தாய்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தூங்கவிட்டாள். இத்தனை இருட்டையும் கடந்து வந்தவளுக்குத் தன் பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்கத்தான் முடியவில்லை."

திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளை பெற்றவள் நான். ஓர் அம்மாவைப் பற்றி இதை நானல்லவா எழுதியிருக்க வேண்டும்? குழந்தைக்கு மூக்கடைத்தால் என்ன செய்வது என்றுகூடத் தெரியாதவளுக்கு இது எப்படித் தெரிந்தது? தப்பாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

என் மகளின் கை தாளின்மேல் வந்ததைப் பார்த்தேன். எறும்பு பக்கத்தில் ஊர்ந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறவள் நான். அன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இழுத்தாள். கிழிந்ததை வாயில் வைத்தாள். அப்போதும் கை நீளவில்லை.

"ஏத்தா, புள்ள வாயில என்னத்தையோ மெல்லுது பாரு! எங்கன இருக்கு ஒன் நெனப்பு?" மாமியார் கத்தியபிறகுதான் விரலைவிட்டுத் தோண்டினேன். மகள் ஓங்கரித்துப் பாலும் காகிதமுமாகக் கக்கினாள். போன் வெளிச்சத்தில் தொண்டையைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். "காயிதந்தான, விடு" என்று மாமியார் சமாதானம் சொன்னார். அவர் அடுப்படிக்குத் திரும்பியதும், புத்தகத்தில் மிச்சமிருந்த பாதித் தாளையும் தையலோடு ஒட்டக் கிழித்தேன். அதைச் செய்தது மகள் இல்லை.

மகள் மதியம் தூங்கும் நேரங்களில் நாவலைப் படித்து முடித்தேன். கப்பல் தலைவி கடைசியாகப் பெட்டியின் கதவைத் தொடும் இடத்தில், எனக்கென்று ஒன்றும் தோன்றவில்லை. கிழித்த தாளில் இருந்த வாக்கியங்கள்தான் வந்தன. "முடிவு மனதைக் கனக்கச் செய்கிறது, வருணனை அருமை" என்று எழுதினேன். புத்தகத்தைத் திறக்காதவர்கூட அதை எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை போடிக்கு மகளோடு போனேன். அக்கா புத்தகத்தைப் புரட்டினார். "மொதத் தாளக் காணோமே?"

"பாப்பா கிழிச்சிருச்சுக்கா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பொட்டிப்புரத்துப் பெண் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஏ குட்டி, நான் எழுதுனதத் தின்னு பாத்தியா? உப்புப் பத்தலையா?"

"அம்மாவுக்கு மேல பெரிய விமர்சகியால்ல இருக்கா" என்றாள் தோழி.

"சரித்தா, வாயால சொல்லு. என்ன எழுதுன?" என்று அக்கா கேட்டார்.

பொட்டிப்புரத்துப் பெண் யோசித்தாள். "வாரக்கணக்காச்சேக்கா... அந்த அம்மா பயந்துட்டான்னு என்னமோ எழுதுனேன். அப்ப நல்லா வந்துச்சு. இப்ப வர மாட்டேங்குது."

"அப்ப இதுக்கும் தீர்ப்பு இவதான். வாசிடி" என்று தோழி புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

நான் ஆசைப்பட்டது அதுதான். என் இரண்டு வரியைப் பார்த்தேன். வாய் திறந்தபோது வந்தது பொட்டிப்புரத்துப் பெண்ணின் குறிப்பு. முதல் வாக்கியத்திலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

தோழி முகம் மாறிவிட்டது. "கிழிஞ்ச தாளு ஒனக்கு எப்படிடி மனப்பாடம்?"

"கதை படிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். பாப்பா கிழிக்கும்போது பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மிச்சத்த நான் கிழிச்சேன்."

"எதுக்குத்தா?" அக்கா வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான்."

பொட்டிப்புரத்துப் பெண், "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?" என்றாள். கக்கிவிட்டாள் என்றேன். அவள் என் மகளின் முதுகைத் தடவியபடியே பென்சிலை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதிருங்க. எனக்குத்தான் வரலையே."

மகள் அவள் மடியில் இருக்க, நான் என் குறிப்பை அடித்துவிட்டு அவளுடையதை எழுதினேன். கீழே அவள் பெயரைப் போட்டேன். எழுதும்போதும் பொறாமை தணியவில்லை. கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றினால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்றுகூடத் தோன்றியது. எழுதி முடித்ததை அவள் எட்டிப் பார்த்தாள்.

"நானா இப்படி எழுதுனேன்?"

"ஆமா, அப்படியே" என்றேன்.

மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.