சாயப்பட்டறையைப் பற்றிப் பேசிய ஞாயிறு

அக்கா இல்லாத ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பலர் அவருடைய சமையலை அறிவீர்கள், சிரிப்பை அறிவீர்கள். அவருடைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததை நேரில் கண்டவர்கள் சிலரே. தேதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் எனக்குத்தான் உண்டு என்பதால், தம்பியாகிய நான் அதை எழுத வேண்டியதாயிற்று.

அக்கா பிறந்தது ஆந்திராவின் நாராயணவனத்தில், 1975-இல், எமர்ஜென்சி வந்த ஆண்டு. எங்கள் நைனா, அதாவது அப்பா, தறி நெய்தவர். அக்கா புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தும் குடும்ப நிலை இடம் தரவில்லை. 1996 தேர்தல் நடந்த கோடையில் நகரிக்கு மருமகளாகப் போனார். அவர் கணவரான மாமாவுக்கு முன் அறையில் நான்கு விசைத்தறிகள், பின்கட்டில் ஒரு சிறிய சாயப்பட்டறை.

விசைத்தறி ஓடும் வீட்டில் யார் பேசினாலும் பாதி காதில் விழாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் தலையாட்டினால்தான் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். சிவப்பு நூல் கேட்டால் நீல நூல் வந்து நிற்கிற தொழிலில் இது இல்லாமல் முடியாது.

2014 ஜூனில் தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்தபோது, நாலாம் வகுப்பு முடித்திருந்த தினேஷ், அக்காவின் மகன், "அம்மா, இனிமே நம்ம கேபிடல் எது?" என்று கேட்டான். தனக்குத் தெரியாது என்று அக்கா ஒப்புக்கொண்டார். "நீ இன்னா நினைக்கிற, சொல்லு" என்றார். அவன் திருப்பதி என்றான். பக்கத்து வீட்டுப் பையன் விஜயவாடா என்றான். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அக்கா தறிவீட்டு வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார்: "மொதல்ல அவன் சொன்னதை நீ சொல்லு. அவன் ஆமான்னு சொன்னப்புறம் உன் பேச்சை எடு."

அன்று தொடங்கியது. தறி ஓடாத ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகள் கூடினார்கள். அக்கா தெலுங்குப் பேப்பரிலிருந்து ஒரு செய்தியைத் தமிழில் சொல்வார். நோட்டு செல்லாமல் போனது, ரேஷன், தேர்தல், எல்லாமே பேச்சுக்கு வந்தன. எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை, "உங்க ஊட்ல டிவி கெட்டுப்போச்சா? பசங்களைக் கத்த உட்டுக்கினு கீறீங்க!" என்று கேட்டார். அக்கா சொன்னார்: "டிவில கத்தறவங்க நிறுத்த மாட்டாங்கம்மா. இதுங்க டிபன் வந்தா நிறுத்திடும்."

2019 தேர்தல் முடிவுகள் வந்த அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, திருப்பதியிலிருந்து நானும் போயிருந்தேன். அன்றைய செய்தி, சாயத் தண்ணீர் ஆற்றில் கலப்பதைப் பற்றியது. சாயப்பட்டறைகளை மூட வேண்டுமா, கூடாதா? அந்த வீட்டின் சோற்றில் பாதி சாயப்பட்டறையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்த நான், வேறு செய்தி எடுக்கும்படி அக்காவுக்குச் சாடை காட்டினேன். அவர் தாளை மடிக்கவில்லை.

மாமா வாசலில் வந்து நின்றார். "பேசுங்க, பேசுங்க. என் ஊட்ல குந்திக்கினு, என் சோத்தைத் துன்னுக்கினு, என் தொழிலை மூடணும்னு பேசுங்க."

அக்கா பாயைத் தட்டிப் போட்டார். "நீங்களும் குந்துங்க. உங்க பக்கம் பேசத்தான் ஆளு இல்ல."

மாமா உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். "வெள்ளை நூல்லயே சேலை கட்டுவாங்களா? என்கிட்ட வேலைக்குக் கீற ரெண்டு பேரு எங்க போவாங்க? தண்ணிய சுத்தம் பண்ற மிஷினு நான் ஒருத்தன் வாங்க முடியுமா? கவர்மெண்டுல கட்டித் தரேன், கட்டித் தரேன்னு சொல்லிக்கினேதான் கீறாங்க."

பதில் சொல்ல எழுந்தவள் லாவண்யா. எட்டாம் வகுப்பு, இரண்டு வீடு தள்ளி இருப்பவள். முதலில் மாமா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு ஒரு வாக்கியத்தைக் கூட்டினாள்: "மாமாவுக்கும் அந்தத் தண்ணிய கால்வாய்ல வுடறது புடிக்கல. வேற வழி யாரும் காட்டலன்றதால வுடறாரு."

"அவர் சொல்லாததைச் சேர்த்துட்டா! தப்பு, தப்பு!" என்று பிள்ளைகள் கூவினார்கள். அக்கா யாரையும் அடக்கவில்லை. மாமாவைப் பார்த்து, "தப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மாமா, "வுடு, சரியாத்தான் சொல்லுது" என்றார்.

எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். எதிர்த்துப் பேசப் போகிறவள் வாயிலிருந்து ஒரு மனிதர் தன் மனத்தைக் கேட்டுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகுதான் லாவண்யா தன் பக்கத்தைச் சொன்னாள். "எங்க ஊட்டு போர்ல தண்ணி கலரா வருது மாமா. தம்பிக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மூடணும்." மாமா பாயில் உட்கார்ந்து, அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

உடனே எதுவும் மாறவில்லை. மாமா அக்காவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாவண்யா சொன்னது மனத்தில் நின்றதோ என்னவோ, கொரோனா வருவதற்கு முந்தைய சங்கராந்தியோடு சாயப்பட்டறையை மூடினார். சாயம் ஏற்றிய நூலை வெளியிலிருந்து வாங்கினார். வேலை செய்தவர்களில் ஒருவருக்குத் தறியில் இடம் கொடுத்தார். இன்னொருவர் வேலை தேடி ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டார். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட அக்காவே தறிக்கு இறங்கினார். "நீதானே மூட வெச்ச" என்று யாராவது சொன்னால், "நான் எங்க மூடனேன், அவர் யோசிச்சு மூடனாரு" என்பார்.

சென்ற ஆண்டு திருப்பதி மருத்துவமனையில் அக்கா படுத்திருந்தபோது லாவண்யாவும் தினேஷும் தினமும் வந்தார்கள். இருவரும் இப்போது கல்லூரிப் பிள்ளைகள். "இன்னிக்கு இன்னா நியூஸ்?" என்று அக்கா கேட்பார். இருவரும் மெல்லிய குரலில் சண்டை போடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த காளஹஸ்தி அம்மாளும் தெலுங்கில் கலந்துகொள்வார். ஆவணியில் ஒரு காலை, அக்கா எங்களை விட்டுப் போனார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், அந்தப் பேச்சுகளில் கோபம் இருந்தும் தங்கள் குழந்தைகளை அந்த வீட்டுக்கு அனுப்பிய நகரித் தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் நன்றி எழுதியிருப்பதை அவரிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பட்டறைய மூடனது சரின்னு நான் இன்னும் ஒத்துக்கல. ஸ்ரீசிட்டிக்குப் போன ஆளு ஊர் ஊரா அலையறான். அதையும் எழுது. ஆனா அன்னிக்கு என் ஊட்ல அதைப் பேச வாணாம்னு அவளைத் தடுத்திருந்தா, அதுதான் பெரிய தப்பாயிருக்கும். அதையும் எழுது."

இரண்டையும் எழுதிவிட்டேன், மாமா.