இன்சார்ஜ் சிஸ்டர் முத்தாலம்மாள்

கோவளத்துக் குப்பத்தில் முத்தாலம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவள் நர்சம்மா. வாந்தியெடுத்த பூனையைக்கூட அவளிடம் தூக்கி வருவார்கள். தாம்பரத்துத் தனியார் ஆஸ்பத்திரியிலோ எட்டு வருடமாக வெறும் சிஸ்டர். பெண்கள் வார்டு இன்சார்ஜ் துபாய்க்குப் போனதும், அந்த இடம் முத்தாலம்மாளுக்குத்தான் என்று டாக்டர் முதல் கேன்டீன் சின்னப்பன் வரை சொன்னார்கள். அவளைவிட அவள் அப்பா கோதண்டம் அதை நம்பினார். குப்பம் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

நம்பாமல் இருப்பாரா? படிப்பைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். எண்பத்தாறில் நர்சிங்கில் நாலு வருட டிகிரிக்கும் மூன்று வருட டிப்ளமாவுக்கும் அவளுக்கு இடம் கிடைத்தது. கோதண்டம் யோசிக்கவே இல்லை. முதலில் கரையேறும் மீனுக்குத்தான் நல்ல விலை. பின்னால் வருகிற படகில் தங்கமே இருந்தாலும் வியாபாரி பாதிக்குத்தான் கேட்பான்.

"ஒரு வருசம் முந்திக்கினா போதும்மா" என்று டிப்ளமாவில் சேர்த்தார். மீன் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

தொண்ணூற்றேழில் நிர்வாகம் புது விதி போட்டது. இன்சார்ஜ் என்றால் டிகிரி வேண்டும். பல்லாவரத்திலிருந்து டிகிரியோடு ரமா இன்சார்ஜாக வந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. திட்டுவதற்குக்கூட வழி வைக்கவில்லை.

மறுவாரம் கோதண்டம் கூடை நிறைய வஞ்சிரத்தோடு வார்டு வாசலில் நின்றார்.

"இன்சார்ஜம்மா ரூம் எங்க கீது? எம் பொண்ணுதான்" என்று ரமாவிடமே கேட்டார்.

ரமா, முத்தாலம்மாளைப் பார்த்தாள். "உள்ள வந்து உக்காருங்கப்பா. அக்காவுக்குக் கீழதான் நான் வேலை பாக்கறேன்."

போர்வை மடித்துக்கொண்டிருந்த முத்தாலம்மாள் மறுக்கவில்லை. அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை, கோதண்டம் அடுத்துப் பேசும்வரை.

"நம்ம சின்னவ அம்மணிக்கும் ரெண்டுலயும் சீட்டு வந்துகீது முத்து. உன்ன மாதிரியே டிப்ளமாவுல போட்டுட்றேன். நாளைக்கு சேக்கணும்."

முத்தாலம்மாள் போர்வையைக் கட்டிலில் போட்டாள்.

"நைனா, நான் இன்சார்ஜ் இல்ல. இவங்கதான்."

"இந்தப் பாப்பாவா?" கோதண்டம் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்தினார். குரலைத் தணித்துக் கேட்டார். "எதுனா தப்பு பண்ணிட்டியா முத்து?"

"தப்பு ஒண்ணும் பண்ணல. இவங்க நாலு வருசம் படிச்சவங்க. நான் இங்கியே கெழவியானாலும் இதே வேலதான். அவள டிகிரில சேத்துடு."

கோதண்டம் கூடையைக் கீழே வைத்தார். மகளைப் பார்க்காமல், மீன்மேல் கிடந்த ஈரச் சாக்கை இழுத்து இழுத்து மூடினார்.

"அப்போ உன்ன நாந்தான்..."

"பேஷண்ட் கூப்புட்றாங்க நைனா" என்று முத்தாலம்மாள் உள்ளே நடந்தாள்.

ரமா திரும்பிப் பார்த்தாள். வார்டு முழுக்க மத்தியானத் தூக்கத்தில் இருந்தது.